சிவகிரி கேட்ட கார்ட்டூன்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு போனால் வரும் ஊர் சிவகிரி. அங்கே இன்று முப்பதைத் தாண்டி ஐம்பதைத் தொடாத வயதில் இருப்பவர்களிடம் சிறுவயதில் டிவியில் பார்த்த கார்ட்டூன்களைப் பற்றிப் பேச்செடுத்தால், கதையைவிட இசைதான் முதலில் நினைவுக்கு வரும். டாம் என்ற பூனை எந்தப் படத்தில் எதற்காக ஜெர்ரி என்ற எலியைத் துரத்தியது என்பது மறந்துபோயிருக்கும். பூனை பதுங்கி அடியெடுத்து வைத்தபோது கேட்ட தந்திகளின் தெறிப்பும், சிக்கிக்கொண்டதும் பித்தளை வாத்தியங்கள் ஒரேயடியாக முழங்கியதும் மறந்திருக்காது. இதைப் பிள்ளைப்பருவ ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஒதுக்கக் கூடாது என்பது என் கட்சி. சிவகிரி போன்ற ஊருக்குக் கார்ட்டூன் வந்து சேர்ந்த விதமே அதைக் கேட்கும் கலையாக ஆக்கிவிட்டது. 1980களின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தென்கோடித் தமிழகத்துக்கு வந்த கார்ட்டூன்கள் சிங்களத்திலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் பேசின. பேச்சு புரியாத இடத்தில் கதை சொல்லும் பொறுப்பு முழுவதும் பின்னணி இசையின் தலையில் விழுந்தது. இன்று இருக்கும் ஏக்கம் அப்படிக் கேட்ட பழக்கத்தின் மிச்சம். அப்படிப் பார்த்தால் அதற்கு ஊர் வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

இந்த வட்டாரத்துக்குத் தொலைவிலிருந்து வந்ததெல்லாம் முதலில் ஒலியாகவே வந்தது. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963இல் வந்தது. சென்னையில் 1975 ஆகஸ்டு 15 அன்று தொலைக்காட்சி தொடங்கியபோது அதன் அலை இங்கே எட்டவில்லை. 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பானிய அரசின் உதவியோடு கொழும்பில் ரூபவாகினி தொடங்கியதும், தூத்துக்குடி, நெல்லை, குமரிப் பக்கங்களில் மொட்டைமாடிகளில் உயரமான குழாய்களில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் வைத்து, கடல் தாண்டி வந்த அந்த அலையைப் பிடித்தார்கள். அங்கே வெளிநாட்டுப் படங்களைச் சிங்களத்துக்கு மாற்றும் பிரிவை நடத்தியவர் திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தோட்டவத்த. பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலைச் சிங்களம் பேசவைத்து ஒரு தலைமுறை இலங்கைக் குழந்தைகளின் செல்லமாக்கியவர் அவர். அதே படங்களைக் கடலுக்கு இந்தப் பக்கம் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தச் சிங்களத்தில் ஒரு சொல்கூடப் புரிந்திருக்க நியாயமில்லை. ஓசை முந்தியதற்குத் தொழில்நுட்பக் காரணமும் ஒன்று உண்டு. அன்றைய ஒளிபரப்பில் படம் அலைவீச்சுப் பண்பேற்றத்திலும் ஒலி அதிர்வெண் பண்பேற்றத்திலும் அனுப்பப்பட்டன. சிக்னல் மெலியும்போது முதலில் கெடுவது படம். திரை முழுக்கப் புள்ளி விழுந்த பிறகும் ஒலி பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஒளிபரப்பு எல்லையின் விளிம்பில் இருந்த ஊர்களில் கார்ட்டூனின் முழுமையான பாதி அதன் ஓசைதான்.

1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பிறகு தூர்தர்ஷன் தென்மாவட்டங்களுக்குத் தெளிவாக வந்தது. வீடுகளில் டிவி அரிதாக இருந்த நாளில் பஞ்சாயத்து டிவி இருந்தது. தூர்தர்ஷனில் பிள்ளைகள் கண்ட முதல் அசைவுப்படம் அதன் அடையாளச் சின்னமே என்று சொல்வேன். அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் உருவான அந்தச் சின்னம் வட்டமிட்டுச் சுழன்று கண்ணாக ஒன்றுகூடும் காட்சிக்கு இசை அமைத்தவர் பண்டிட் ரவிசங்கர்; 1976இலிருந்து அது ஒளிபரப்பானது. சின்னம் எப்படிச் சுழன்றது என்று இன்று சரியாக வரைந்து காட்டக்கூடியவர்கள் குறைவு. ஷெனாய் இழுத்த அந்த மெட்டை அடிபிறழாமல் பாடக்கூடியவர்கள் ஏராளம். சின்னத்துக்கு அடுத்து வந்தவை அரசின் பிலிம்ஸ் டிவிஷன் செய்த சிறு படங்கள். அது 1956இல் கார்ட்டூன் பிரிவு தொடங்கி, டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸை வரவழைத்துப் பயிற்சி கொடுத்தது. அங்கே நெடுங்காலம் இசையமைத்த விஜய் ராகவ ராவ் சென்னையில் பிறந்த புல்லாங்குழல் கலைஞர். 1974இல் வந்த ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’ என்ற சிறு படத்துக்கு இசை வசந்த் தேசாய். தானியம் கொத்தவந்த பறவைகள் வேடனின் வலையோடு சேர்ந்து பறக்கும் அந்தக் கதையைத் தூர்தர்ஷன் திரும்பத் திரும்பக் காட்டியது.

1990களின் முற்பகுதியில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வந்த ‘ஜங்கிள் புக்’ இப்படி இசையாகக் கேட்டதன் உச்சம். ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989–90இல் எடுத்த 52 பகுதித் தொடர் அது. தூர்தர்ஷன் அதை இந்தியில் மாற்றி, தலைப்புப் பாடலைப் புதிதாகச் செய்தது: சொல் குல்சார், இசை விஷால் பரத்வாஜ். மத்திய இந்தியக் காட்டைப் பற்றி ஆங்கிலேயர் ஒருவர் எழுதிய கதையை ஜப்பானியர் வரைந்து, இந்தியில் பேசவைத்து, 1968 முதல் இருமொழிக் கொள்கை நடப்பில் உள்ள தமிழ்நாட்டின் மலையடிவாரத்துக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டின் பொருள் தெரியாது. சொற்களையே ஓசையாக எடுத்துக்கொண்டு, மெட்டையும் தாளத்தையும் முழுசாக வைத்துக்கொண்டார்கள். இன்று தமிழ்நாட்டில் அந்தத் தொடரை விரும்பி நினைப்பவர்கள் நினைப்பது பெரும்பாலும் அந்தப் பாட்டைத்தான் என்பது என் வாதத்துக்கு முதல் சான்று.

முக்கியமான சான்று ஹாலிவுட்டிலிருந்து வருகிறது. 1986இல் டெட் டர்னர் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி முதலாளி எம்.ஜி.எம். ஸ்டுடியோவை வாங்கினார். கடன் தாங்காமல் சில மாதங்களிலேயே ஸ்டுடியோவைத் திருப்பி விற்றவர், அதன் பழைய படங்களின் களஞ்சியத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். 1991இல் ஹன்னா-பார்பெரா நிறுவனமும் அவரிடம் வந்தது. இப்படிச் சேர்ந்த பழஞ்சரக்கை நாள்முழுக்க ஓட்டுவதற்காகவே 1992இல் கார்ட்டூன் நெட்வொர்க் பிறந்தது. 1995 மே மாதம் அது இந்தியாவுக்கு வந்தது. பகலில் கார்ட்டூன், இரவில் அதே அலைவரிசையில் டி.என்.டி.யின் பழைய ஆங்கிலப் படங்கள். கேபிள்காரர் தெருத்தெருவாகக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. எனவே 1995இல் சிவகிரியில் ஒரு பிள்ளை பார்த்த டாம் அண்ட் ஜெர்ரி, அந்தப் பிள்ளையின் தாத்தா இளைஞராக இருந்தபோது எடுக்கப்பட்ட படம். உலகத்தில் மற்ற இடங்களில் தொலைக்காட்சிக்கென்று மலிவாகச் செய்த கார்ட்டூன்கள் வந்து, பெரிய வாத்தியக்குழுவின் காலம் முடிந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு வியாபாரத் தற்செயலால், அந்தப் பொற்காலத்து இசை தென்பாண்டிச் சீமையின் வீடுகளுக்குள் நாள்தோறும் ஒலித்தது.

அந்த இசை யாருடையது? ஸ்காட் பிராட்லி என்ற பெயர் நம் ஊரில் தெரிந்திருக்க வேண்டிய பெயர். 1940இல் வெளிவந்த முதல் படம் தொடங்கி 1958 வரை ஹன்னாவும் பார்பெராவும் இயக்கிய 114 டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் இசை அவர்தான். அவற்றில் ஏழு ஆஸ்கர் வாங்கின. திரைப்படத்தில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். 12 சட்டத்துக்கு ஓர் அடி என்று வைத்தால் நொடிக்கு இரண்டு அடி; 8 சட்டம் என்றால் நொடிக்கு மூன்று. ஓவியர்கள் படத்தை வரைவதற்கு முன்பே, எந்த அசைவு எந்த அடியில் விழ வேண்டும் என்று தாளில் குறித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கின்மேல் பிராட்லி இசையை எழுதினார். வாத்தியக்காரர்கள் காதில் மாட்டிய கருவியில் ‘டிக் டிக்’ என்று அடி கேட்டுக்கொண்டே வாசித்தார்கள். அந்த ‘டிக்’ முறையை வளர்த்ததில் பெரும்பங்கு வார்னர் பிரதர்ஸின் கார்ல் ஸ்டாலிங்குக்கு உண்டு. அவர் ஊமைப்பட நாளில் திரையரங்கில் ஆர்கன் வாசித்தவர். பேச்சில்லாத படத்துக்கு இசையால் பேசக் கற்றவரின் வழியாக அந்தக் கலை கார்ட்டூனுக்கு வந்ததைக் கவனிக்க வேண்டும். பிராட்லி இன்னும் துணிச்சல்காரர். 1944இல் வந்த ஒரு படத்தில், பொம்மை நாய்த்தலைக்குள் எலி புகுந்து தலை மட்டும் நடந்துபோவது போன்ற காட்சிக்கு, ஐரோப்பாவில் ஷோன்பெர்க் உருவாக்கிய பன்னிரு சுர முறையைக் கையாண்டார். கச்சேரி அரங்கில் கேட்டால் பெரியவர்களே முகம் சுளித்த இசை அது. காட்சியோடு கேட்டபோது உலகெங்கும் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். 1946ஆம் ஆண்டுக்கான ஆஸ்கரை வென்ற ‘தி கேட் கான்செர்டோ’வில், பூனை பியானோவில் அமர்ந்து லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சொடியை வாசிக்கிறது. சிவகிரிப் பிள்ளை லிஸ்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்காது. ஆனால் அந்த இசை மெதுவாக எழுந்து வெறிகொண்டு ஓடும் வேகம் அதற்கு அத்துபடி.

இங்கே ஒரு மறுப்பு எழும். தினமும் திரும்பத் திரும்பக் காட்டிய எதுவும் மனதில் பதியத்தான் செய்யும். பல்பொடி விளம்பரம்கூட இன்னும் நினைவிருக்கிறது. இதில் இசையின் சிறப்பு எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை டாம் அண்ட் ஜெர்ரிக்குள்ளேயே இருக்கிறது. 1961–62இல் ஜீன் டைச் என்பவர் பிராகா நகரில் 13 டாம் அண்ட் ஜெர்ரி படங்களை எடுத்தார். பிராட்லி இல்லை, வாத்தியக்குழு சிறிது, டாட் டாக்ஸ்டேடர் செய்த மின்னணு ஓசைகள் குகைக்குள் கேட்பதுபோல எதிரொலித்தன. அதே பூனை, அதே எலி, அதே துரத்தல். இந்தப் படங்களும் அதே அலைவரிசையில் பழைய படங்களோடு கலந்து ஓடின. இருந்தும் பார்த்தவர்களிடம் கேட்டால், அவை ‘ஒரு மாதிரி’யான படங்கள், ஏதோ பயமாக இருக்கும் என்பார்கள். வரைந்த கையும் மாறியிருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பயத்துக்கு அவர்கள் காட்டும் அடையாளம் பெரும்பாலும் அந்த ஓசை. அவை வந்தபோது எழுந்து போனவர்களும், பிராட்லியின் படம் வந்தபோது உட்கார்ந்துகொண்டவர்களும், பெயர் தெரியாமலே இரண்டு இசைகளை வேறுபடுத்தியவர்கள். திரும்பக் காட்டுவது மட்டுமே நினைவை உண்டாக்குவதாக இருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்காது.

அந்தக் காது எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். தமிழ் ரசிகனுக்குப் பின்னணி இசை தனியாகக் காதில் விழுவதற்கு, இதே மலைத்தொடரின் வடக்கே பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா ஒரு பெரிய காரணம். 1976க்குப் பிறகு அவர் படங்களில் வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் பாத்திரங்கள் சொல்லாததைச் சொன்னதை இந்த ஊர்களின் திரையரங்குகளில் கேட்டவர்கள்தான் 1995இல் பெற்றோர்கள். பாடலைத் தனியே, பிஜிஎம்மைத் தனியே பேசும் ரசனை அந்த வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. 1980களில் எல். வைத்தியநாதன் என்ற இசையமைப்பாளர் இரண்டு வேலைகள் செய்தார். ஆர்.கே. நாராயணனின் கதைகளைச் சங்கர் நாக் தொலைக்காட்சித் தொடராக எடுத்த ‘மால்குடி டேய்ஸ்’ஸுக்கு இசையமைத்தார், ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்களோடு வந்த அதன் தலைப்பு மெட்டு இந்தியா முழுக்கப் பரவியது. 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘பேசும் படம்’ வந்தது. ஒரு வசனமும் இல்லாத அந்தப் படத்துக்கும் இசை வைத்தியநாதன்தான். வசனத்தையே உயிராகக் கருதிய தமிழ்ப் பார்வையாளர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். பேச்சின்றி இசையால் கதையைப் பின்தொடர இவர்களுக்குத் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்னும் பின்னால் போனால் வட்டாரத்தின் சொந்தச் சரக்கே கிடைக்கிறது. சிவகிரியிலிருந்து கிழக்கே, சங்கரன்கோவில் பக்கத்தில் உள்ள சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில், கழுகுமலை முருகன்மீது காவடிச்சிந்து பாடினார். காவடி தூக்கி நடப்பவனின் காலடிக்கு இசைந்து போகும் பாட்டு அது. சந்தம் தாவினால் கால் தாவும், சந்தம் நின்று திரும்பினால் உடலும் திரும்பும். அசைவுக்கு அடி எண்ணி இசை எழுதுவது பிராட்லிக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை. தென்மாவட்டங்களில் நடந்த தோல்பாவைக்கூத்தில், திரைக்குப் பின்னால் ஒரே ஆள் எல்லாப் பாவைகளையும் ஆட்டி, எல்லாக் குரலிலும் பேச, மிருதங்கமும் ஆர்மோனியமும் ஒவ்வொரு அடிதடிக்கும் ஓட்டத்துக்கும் ஓசை கொடுத்தன. அந்தக் கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடித்துக்கொண்டு விழுந்து புரண்டபோது சிரித்த ஊர்களுக்குத்தான் டாமும் ஜெர்ரியும் வந்து சேர்ந்தார்கள். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததென்று நான் சொல்லவில்லை. அசையும் உருவத்தையும் அதை ஆட்டிவைக்கும் தாளத்தையும் சேர்த்து ரசிக்கும் பழக்கம் இங்கே பழையது என்பதே என் துணிபு.

இரண்டாவது மறுப்பு கனமானது. இவை வெளிநாட்டாரின் சரக்கு; ஒரு பெருநிறுவனம் பழைய சரக்கை நம் பிள்ளைகள்மீது தள்ளிவிட்டது; அதற்காக ஏங்குவது நம் வரலாறு ஆகாது என்பது அது. தள்ளிவிட்டது உண்மை, மேலே சொன்ன டர்னரின் கதையே அதற்குச் சாட்சி. ஆனால் வெளியிலிருந்து வந்த இசையைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் வரலாறு இருக்கிறது. சிவகிரியைப் போல நெல்லைச் சீமையின் பழைய பாளையங்களில் ஒன்றான எட்டயபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், ஆங்கிலேயரின் வாத்தியக்காரர்களிடம் வயலினைக் கற்று, அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர். எட்டயபுரம் அரண்மனை வித்துவானாக இருந்தார். முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொல் வைத்து முப்பதுக்கும் மேற்பட்ட நோட்டுசுர சாகித்தியங்கள் செய்தார். பிரிட்டிஷ் அரசருக்குப் பாடும் வாழ்த்துப்பாட்டின் மெட்டும் அதில் உண்டு. 1835இல் அவர் உயிர் நீத்தது எட்டயபுரத்தில். அந்த மெட்டுகளும் அதிகாரத்தின் துணையோடு வந்தவைதான். அவற்றை இன்று சிறுபிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கும்போது அந்நியம் என்று யாரும் விலக்குவதில்லை. தீட்சிதர் புதிதாகப் படைத்தார், கார்ட்டூன் பார்த்த பிள்ளை கேட்டது மட்டும்தானே என்றால், அந்த வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் கேட்டதும் ஒரு வினை. புரியாத மொழியை ஓரமாக வைத்துவிட்டு இசையை எடுத்துக்கொள்ள அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மூன்றாவது மறுப்பு என் வாதத்துக்கு உள்ளேயிருந்தே வருவது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். தமிழ்நாட்டில் கார்ட்டூன் ஏக்கத்தின் பெரும்பகுதி இன்று சுட்டி டிவியைச் சுற்றியே இருக்கிறது. அது முழுக்க முழுக்கத் தமிழ் பேசியது. 2000ஐ ஒட்டிக் கார்ட்டூன் நெட்வொர்க் தமிழ்க் குரல் கொடுக்கத் தொடங்கியது. 2004 டிசம்பரில் டிஸ்னி அலைவரிசை தமிழோடு வந்தது. 2007 ஏப்ரலில் சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2006 செப்டம்பரில், தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. கரும்பு வெட்டப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கும் தன் வீட்டுக்குள்ளேயே, தன் மொழியில் கார்ட்டூன் கிடைத்தது அப்போதுதான். டோரா தமிழில் கேள்வி கேட்டாள், பிள்ளைகள் பதில் சொன்னார்கள். ஜாக்கி சான் கார்ட்டூன் தொடரில் வரும் பெரியவர் சொல்லும் மந்திரத்தைத் தெருவில் கூவினார்கள். இந்தத் தலைமுறை முதலில் நினைப்பது குரலை. ஆகவே இசைதான் எல்லாருக்கும் முதல் என்று நான் சொன்னால் தவறாகும். ஏக்கம் இரண்டு வகை. அவற்றைப் பிரிப்பது மொழி வந்த ஆண்டு. ஒருவர் எந்தக் கார்ட்டூனை எப்படி நினைக்கிறார் என்பதிலிருந்து அவர் பிறந்த ஆண்டை ஏறத்தாழக் கணித்துவிடலாம். அந்த மந்திரத்தையும் கவனியுங்கள்: அது காண்டோனிய மொழி, தமிழாக்கத்திலும் அப்படியே விடப்பட்டது. தமிழ் பேசிய தொடரிலும் பிள்ளைகள் அதிகம் பற்றிக்கொண்டது பொருள் புரியாத ஓசையைத்தான்.

குரல் மாற்றும் தொழிலின் நடைமுறையும் இதைத் தெளிவாக்கும். வேற்று மொழிக்கு விற்கும்போது பேச்சை நீக்கி, இசையும் ஓசையும் மட்டும் உள்ள தனி ஒலித்தடத்தை நிறுவனம் அனுப்பும். உள்ளூர் ஸ்டுடியோ அதன்மேல் தமிழ்ப் பேச்சைப் பதியும். சிங்களத்திலும் இந்தியிலும் தமிழிலும் பேச்சு மாறிக்கொண்டே போனாலும், தலைப்புப் பாடல் போன்ற சில இடங்கள் தவிர, அடியில் ஓடிய இசை மாறவில்லை. ஒரே வீட்டில் அக்கா ஆங்கிலத்தில் பார்த்ததையும் தம்பி தமிழில் பார்த்ததையும் இணைப்பது அந்தத் தடம் ஒன்றுதான்.

இவற்றில் எது மிஞ்சியது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. சிவகிரிக்கு அருகிலுள்ள சிவகாசியிலிருந்து 1970களின் தொடக்கத்தில் முத்து காமிக்ஸும், 1984 முதல் லயன் காமிக்ஸும் வந்தன. காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியை நினைத்து ஏங்குபவருக்கு மறுபதிப்பு கிடைக்கிறது, கையில் எடுத்துப் படிக்கலாம். கார்ட்டூன் இசைக்கு அப்படி ஒரு தாள் இல்லை. எம்.ஜி.எம். ஸ்டுடியோவே தன் இசைக் களஞ்சியத்தின் குறிப்புத் தாள்களை 1970ஐ ஒட்டி இடம் அடைக்கிறதென்று குப்பையோடு கொட்டிவிட்டது. 2013இல் லண்டன் ப்ராம்ஸ் இசைவிழாவில் ஜான் வில்சன் தன் வாத்தியக்குழுவோடு டாம் அண்ட் ஜெர்ரி இசையை மேடையேற்றியபோது, படத்தின் ஒலியைக் காதால் கேட்டு, சுரம் சுரமாக மீட்டு எழுதிய பின்னரே வாசிக்க முடிந்தது. பிராட்லியின் இசைக்காவது அப்படி ஒருவர் கிடைத்தார். 2000ஐ ஒட்டிச் சென்னையின் சிறு ஸ்டுடியோக்களில் அந்த இசைத்தடத்தின்மேல் தமிழ் பேசிய கலைஞர்களின் பெயர்கள் பெரும்பாலும் திரையில்கூட வரவில்லை. அலைவரிசைகள் கைமாறின, நிகழ்ச்சி உரிமைகள் காலாவதியாயின, நாடாக்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்க ஓர் அமைப்பும் இல்லை. அச்சில் வந்த தமிழைக் காக்க ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. ஒலிபரப்பில் வந்த தமிழுக்கும் அத்தகைய இடம் வேண்டும். அதுவரை அந்தக் குரல்களில் யார் பேசினார்கள், எந்த ஆண்டில், எந்த ஸ்டுடியோவில் என்று அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்கும் வேலையை, இந்த ஏக்கத்தைச் சுமப்பவர்களே இன்று தொடங்கலாம்.